மாடத்தில் இடமில்லாத நிருபர்கள்



ஜாக்கி ராபின்சன் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பாலில் 1880களிலிருந்து நீடித்த நிறத்தடையை உடைத்தவர். அவரைப் பற்றிய ‘42’ என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, பிராஞ்ச் ரிக்கி என்கிற வெள்ளை நிர்வாகியின் பெருந்தன்மையால்தான் எல்லாம் நடந்தது என்று தோன்றும். அதே படத்தில், பார்வையாளர்களுக்கு நடுவே மடியில் தட்டச்சுப்பொறியை வைத்துக்கொண்டு எழுதும் ஒரு கருப்பினத்தவரும் வருவார். அவர்தான் வெண்டல் ஸ்மித். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

டெட்ராய்ட்டில் 1914ல் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது நல்ல பந்து வீச்சாளர். ஒரு போட்டியில் அவர் ஜெயித்துக் கொடுத்தார். ஆள் எடுக்க வந்தவரோ தோற்ற அணியின் வெள்ளைப் பந்து வீச்சாளரை எடுத்துக்கொண்டார். நிறம் மட்டும்தான் காரணம், அதை நேரடியாகவே சொல்லிவிட்டுப் போனார். 1937ல் ஸ்மித் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் சேர்ந்தார். அது கருப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய வார இதழ்.

அடுத்த ஆண்டே அவர் தன் சொந்த வாசகர்களைப் பார்த்துக் கேட்டார்: நம்மை வேண்டாம் என்கிறவன் மைதானத்துக்கு ஏன் காசு கொடுத்துப் போகிறோம்? சொந்த மக்களிடம் இப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1939ல் அவர் செய்ததுதான் என்னை மிகவும் ஈர்த்தது. நிர்வாகங்கள் ஒரு சாக்கு வைத்திருந்தன. ‘எங்களுக்கு ஆட்சேபமில்லை, ஆனால் வெள்ளை வீரர்கள் கருப்பர்களோடு சேர்ந்து ஆட மாட்டார்கள்.’ தேசிய லீகின் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக் கூட இதே தொனியில்தான் ஸ்மித்திடம் பேசினார். ஸ்மித் இதற்குக் கோபமாகத் தலையங்கம் எழுதவில்லை. பிட்ஸ்பர்க்குக்கு ஆட வரும் அணிகள் ஷென்லி ஓட்டலில் தங்கும். அங்கே போய் சுமார் நாற்பது வீரர்களையும் எட்டு மேலாளர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். பெரும்பான்மையானவர்கள் தங்களுக்கு ஆட்சேபமில்லை என்றார்கள். பெயரோடு அச்சிட்டார். பழி போட வேறு ஆள் தேட வேண்டிய நிலை நிர்வாகங்களுக்கு.

1945ல் பாஸ்டன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். இசடோர் மச்னிக் என்ற மன்ற உறுப்பினர், கருப்பின வீரர்களைச் சோதித்துப் பார்க்காவிட்டால் அதை எதிர்ப்பேன் என்றார். ஸ்மித் மூன்று பேரை அழைத்துப் போனார். அவர்களில் ஒருவர் ராபின்சன். ரெட் சாக்ஸ் நிர்வாகம் பார்த்தது, அனுப்பியது, பிறகு அழைக்கவே இல்லை. (அந்த அணியில் முதல் கருப்பின வீரர் ஆட 1959 ஆகிவிட்டது.) திரும்பும் வழியில் ரிக்கியைச் சந்தித்த ஸ்மித், ராபின்சன் பெயரைச் சொன்னார். பெருந்தன்மைக்குப் பின்னால் எட்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இத்தனை செய்தவருக்குச் செய்தியாளர் மாடத்தில் இடமில்லை. எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சங்கம் கருப்பின வார இதழ்க்காரர்களைச் சேர்ப்பதில்லை. 1948ல்தான் அந்தக் கதவு திறந்தது. பால்டிமோரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ இதழைச் சேர்ந்த சாம் லேசிக்கு நியூ ஆர்லியன்ஸில் மாடத்துக்குள் அனுமதி மறுத்தபோது, அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடத்தின் கூரைமேல் போய் உட்கார்ந்தார். சில வெள்ளை நிருபர்களும் ஏறி வந்து அவரோடு உட்கார்ந்தார்கள்.

சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ராபின்சனோடு ஊர் ஊராகப் போனபோது ஸ்மித்துக்கு டாட்ஜர்ஸ் நிர்வாகம் வாரம் 50 டாலர் கொடுத்தது. தான் எழுதும் அணியிடமே சம்பளம். ராபின்சன் பெயரில் வந்த பத்தியையும் அவரே எழுதினார். இதழியல் வகுப்பில் இதைத் தவறென்பார்கள். தெற்கு மாநிலங்களில் ராபின்சனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தேடி, கூடவே இருந்து காத்தவருக்கு அந்த வகுப்பின் இலக்கணம் முழுதாகப் பொருந்தாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் பிறகு பேசலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கருப்பின லீகுகள் வெறும் ஆட்டமல்ல. உரிமையாளர், ஊழியர், சுற்றியிருந்த ஓட்டல், கடை என்று ஒரு சமூகத்தின் தொழில் அது. ராபின்சன் ஆடிவந்த கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. நியூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி இந்த அநியாயத்தைத் திரும்பத் திரும்பப் பேசினார். அவரிடமிருந்தும் டான் நியூகோம்பைச் சும்மாவே எடுத்துக்கொண்டார்கள்; லாரி டோபிக்கு மட்டும் கிளீவ்லாந்து பணம் கொடுத்தது. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் போனார்கள், ஈகிள்ஸ் மைதானம் காலியானது, 1948ல் அணியை விற்றார். அதே ஆண்டு ராபின்சன் கருப்பின லீகுகளின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து எழுத, மேன்லி பகிரங்கமாகவே பதிலடி கொடுத்தார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கதவைத் திறக்க ஸ்மித் காட்டிய உறுதியில் பாதியையாவது, உள்ளே போனவனுக்குரிய விலையைக் கேட்பதிலும் கருப்பின இதழ்கள் காட்டியிருக்கலாம்.

ஸ்மித் பிறகு சிகாகோவின் வெள்ளையர் நாளிதழ் ஒன்றுக்குப் போனார். 1961ல், புளோரிடா பயிற்சி முகாம்களில் கருப்பின வீரர்கள் இன்னும் தனி விடுதிகளில் தங்கவைக்கப்படுவதைத் தொடர்ந்து எழுதினார். ராபின்சன் களமிறங்கி அப்போது பதினான்கு ஆண்டுகள். அந்த ஆண்டின் இறுதியில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் நிர்வாகம் சரசோட்டாவில் ஓர் ஓட்டலையே விலைக்கு வாங்கி, எல்லா வீரர்களையும் ஒரே இடத்தில் தங்க வைத்தது.