நாடகத் தொடர்களில் தாயும் தந்தையும்

வீட்டுமொழி ஒன்றாகவும் தெருமொழி வேறாகவும் வாழ்கின்ற நமக்குத் தொலைக்காட்சி நாடகத் தொடர்கள் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அண்டை வீட்டார் எதற்குக் கண்ணீர் விடுகிறார்கள், எதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள் என்பதை நாம் பெரும்பாலும் அவற்றின் வாயிலாகவே அறிந்துகொண்டோம். நம்மிற் பலருடைய அன்னையருக்கு இந்தி பேச வந்ததும் அப்படித்தான்.

1984ஆம் ஆண்டு ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியபோது நாம் சிறு பிள்ளைகள். மெக்சிகோ நாட்டில் குடும்பநலக் கருத்துகளை நாடகத் தொடர்களின் மூலம் பரப்பியதைக் கண்டு, அந்த முறையை ஒட்டித் திட்டமிடப்பட்ட தொடர் அது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. 1985 டிசம்பர் வரை 156 பகுதிகள் நடந்தது. பணமுடையில் தவிக்கும் அந்தக் குடும்பத்தின் கதையை மேகி நூடுல்ஸ் விளம்பரத்தோடு நாம் பார்த்தோம் என்பது வேறு கதை.

தந்தை பசேசர் ராம் குடிகாரர். தாய் பாக்வந்தி வாய் திறவாது உழைப்பவள். இவர்களுக்குப் பிறந்த ஐவரும் ஐந்து விதம். மூத்த மகள் வெளியே சென்று உழைத்துத் தலை நிமிர்கிறாள். நடுவிலவள் திரைப்பட மோகத்தால் பம்பாய் சென்று அல்லற்படுகிறாள். இளையவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. ஒரு மகன் வேலை தேடி அலைகிறான். மற்றவனுக்குக் கிரிக்கெட்டே உலகம். 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்னும் நம் பழமொழிக்கு அந்த வீடு அடங்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 'ஆவாரா' திரைப்படத்தில், திருடன் மகன் திருடனே என்று நம்பிய நீதிபதியின் சொந்த மகனே திருடனாகிறான். அங்கே கேள்வி நேரானது, விடையும் நேரானது. ஹம் லோக்கிலோ இரத்தமா வளர்ப்பா என்று பிரித்துச் சொல்ல இயலாதபடி, இடையில் வறுமையும் வேலையின்மையும் வந்து நின்றன.

தாயின் செய்திதான் நம்மை இன்றும் உறுத்துகிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் பெண்ணின் நிலை இரங்கத்தக்கது என்று காட்டவே பாக்வந்தியைப் படைத்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நிகழ்ந்தவற்றை விளக்கிப் பேசினார். ஆயினும் பின்னர் இத்தொடரை ஆராய்ந்த அர்விந்த் சிங்கால், எவரெட் ராஜர்ஸ் ஆகிய இருவரும் கண்டது யாதெனில், பார்வையாளரிற் பலர், பெண்கள் உட்பட, அவளையே பின்பற்றத்தக்க தாயாகக் கொண்டார்கள் என்பது! நமக்கு இதில் வியப்பில்லை. பொறுமைக்காக அவளைப் புகழும் அதே வாய், மகன் தவறினால் 'வளர்ப்புச் சரியில்லை' என்று அவளைத்தானே இடித்துரைக்கும்? குடித்துவிட்டு வந்த தகப்பனை அந்தச் சொல் தீண்டுவதில்லை.

2000ஆம் ஆண்டில் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஓடிய 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' வந்த காலத்தில் அந்த நெருக்கடியான வீடு திரையிலிருந்து மறைந்து, மாளிகை வந்துவிட்டது. பூசாரியின் மகள் துளசி செல்வர் வீட்டு மருமகளாகிறாள். மாத வாடகை, பள்ளிக் கட்டணம், வேலைக்கு மனுப் போடுதல் ஆகியவற்றுக்கு அந்த மாளிகையில் இடம் ஏது? பணக்கவலை போனபின் ஒரு பிள்ளை ஏன் கெட்டான் என்பதற்குக் காரணம் வேறெங்கே தேடுவது? தாயிடமோ, பிறப்பிடமோதான். ஆகவே 'சம்ஸ்கார்' என்னும் சொல் வாய்க்கு வாய் ஒலிக்கத் தொடங்கிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் ஓயாத தொல்லை. வீட்டுப் பேச்சில் பெற்றோர் கற்பிக்கும் நல்லொழுக்கம் என்று பொருள். தத்துவ நூல்களிலோ முற்பிறவிகளிலிருந்து தொடர்ந்து வரும் பதிவு. தமிழில் முன்னதை 'வளர்ப்பு' என்றும் பின்னதைப் 'பூர்வ வாசனை' என்றும் எழுதலாம். இரண்டையும் ஒருசேரத் தாங்கும் எளிய சொல் நமக்குக் கிட்டவில்லை. மாளிகையின் மாமியார் மருமகளை நோக்கி அதை உரைக்கும்போது, அவளுடைய தாயைப் பழிக்கிறாளா, குலத்தைப் பழிக்கிறாளா? எது என்று முடிவு செய்யாமல் நாம் அடுத்த வரிக்குச் செல்ல முடிவதில்லை. இந்தியில் கேட்பவருக்கோ அந்த இடர் இல்லை.