ஈஸ்டருக்கு முன் எங்கள் வீட்டு வாசிப்பு



தவக்காலத்தின் கடைசி வாரங்களில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் மாற்கு நற்செய்தியைச் சத்தமாக வாசிப்போம். நான்கு நற்செய்திகளில் சிறியது அதுதான், 16 அதிகாரங்கள். இரவுக்கு ஒன்று. 14ஆம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனங்கள். அதை இரண்டு நாளாக்கிக்கொள்வோம்.

போன வருடம் அதன் பின்பாதி என் மகன் முறைக்கு வந்தது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், அவரைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மூன்று முறை சொல்லிவிடுகிறார். சேவல் கூவுகிறது. அழுகிறார். பையன் அங்கேயே நிறுத்திவிட்டான். பள்ளியில் எல்லோரும் ஒருவனைக் கேலி செய்தபோது, தானும் அவனைத் தெரியாதவன் போல நின்றதைச் சொன்னான். அவனுடைய நெருங்கிய நண்பன்தான் அது. இரண்டு மாதமாக எங்களிடம் சொல்லாத விஷயம். நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தேன்; மனைவி என் கையை அழுத்தினாள். நல்லவேளை.

நீங்களும் வாசித்துப் பாருங்கள். உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிலுவைக் காட்சியைச் சுருக்கிக்கொள்ளலாம். வேதாகமம் பழக்கமில்லாத வீடுகளுக்கு, டால்ஸ்டாய் எழுதிய செருப்புத் தைக்கும் மார்ட்டினின் கதை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தும் கேட்கலாம். இரவு எட்டரைக்குக் கதவு திறந்திருக்கும்.