நேர்த்திக்கடனாக எழுந்த மருத்துவசாலை



கும்பாபிஷேகத்துக்கு மனமுவந்து வாரி வழங்குவோர் பலர். நித்திய பூசைக்கென நிலைநிதி வைப்போர் மிகச் சிலர். திருப்பணிக் குழுவில் இருந்தோர் எவரும் இதனை அறிவர். இதே சங்கடம் கடல் கடந்த அமெரிக்க நாட்டில், கொடிய நோயுற்ற குழந்தைகளுக்கென எழுந்த ஒரு மருத்துவசாலைக்கும் நேர்ந்தது. அது தீர்ந்த விதம் தருமசிந்தை உடையோர் கேட்கத் தக்கது.

லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய எளிய பெற்றோருக்கு மிச்சிகன் மாநிலத்தில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் டேனி தாமஸ். நகைச்சுவை நடிகராகப் பிழைக்க முயன்ற இளமையில் வறுமை அவரை வாட்டிற்று. மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிய வேளையில், கையிலிருந்த கடைசி ஏழு டாலரையும் தேவாலயத்து உண்டியலில் இட்டுவிட்டார் என்றும், மறுநாளே அதனைப்போல் பத்து மடங்கு ஊதியம் தரும் சிறு வேலை வந்ததென்றும் பின்னாளில் அவரே சொல்வதுண்டு. நம்பிக்கையிழந்தோரின் துணைவர் எனக் கத்தோலிக்கர் போற்றும் புனித யூதா ததேயுவை வேண்டி, வாழ்வில் வழிகாட்டினால் கோயில் ஒன்று எழுப்புவதாக அவர் நேர்ந்துகொண்டார்.

வழி பிறந்தது. வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி எனப் புகழ் பெருகிற்று. புகழ் வந்தபின் நேர்ந்ததை மறப்பது உலகத்து இயல்பு, தாமஸ் மறக்கவில்லை. கர்தினால் சாமுவேல் ஸ்டிரிச் என்ற சமயப் பெரியாரிடமும் நண்பர்களிடமும் கலந்து பேசினார். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் அமையும் குழந்தைகள் மருத்துவசாலையே தாம் நேர்ந்த கோயிலாகட்டும் என்று தெளிந்தார்.

அக்காலத்தில் அந்நகரில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் எல்லாம் தனித்தனி. இம்மருத்துவசாலையிலோ எவ்வினத்துக் குழந்தைக்கும் ஒரே கூடம், ஒரே சிகிச்சை. பொருளில்லை என்ற காரணத்தால் ஒரு குழந்தையும் திரும்பிப் போகலாகாது என்பதும் விதியாயிற்று. கட்டடத்தை வகுத்த பால் வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர், தம் உழைப்பைக் காணிக்கையாகவே தந்தார்.

தாமஸும் அவர் மனைவியும் ஊர் ஊராகச் சென்றனர். கலைநிகழ்ச்சிகளால் கட்டடத்துக்குப் பொருள் திரண்டது. ஆனால், கட்டணமே பெறாத மருத்துவசாலையில் மருந்துக்கும் மருத்துவர்க்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் ஏற்பது? கட்டி முடித்துவிட்டுக் கதவடைக்க நேரின், அது நேர்த்திக்கடனுக்கே இழுக்கன்றோ!

தாமஸ் தம் சொந்தச் சமூகத்தாரிடம் சென்றார். லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் முற்பட வந்தவர்களுள் பலர் மூட்டை சுமந்து தெருத்தெருவாய் விற்றுப் பிழைத்தவர்கள். வந்தேறிகள் என்று ஏளனமும் பட்டவர்கள். புகலிடம் தந்த நாட்டுக்கு இச்சமூகம் ஒன்றுகூடி நன்றிக்கடன் செலுத்த இதுவே தருணம் என்று அவர் எடுத்துரைத்தார். 1957இல் சிகாகோ நகரில் நூறு பிரதிநிதிகள் கூடி, இம்மருத்துவசாலையைப் பேணுவதற்கென்றே அல்சாக் என்னும் அறநிலையத்தை நிறுவினர். அவர்களுள் இஸ்லாமியரும் கிறித்தவரும் இருந்தனர். செல்வர் சிலரின் பெருங்கொடையை மட்டும் நம்பியிருக்கவில்லை. வீடு வீடாகச் சென்று சில்லறைக் காசும் திரட்டினர். பெருங்கொடையாளர் ஒருவர் மறைந்தால் நின்றுபோகக்கூடிய தருமம், பல்லாயிரம் கைகள் தாங்கினால் நில்லாது நடக்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர் போலும்.

1962 பிப்ரவரி 4ஆம் நாள் மருத்துவசாலை திறக்கப்பெற்றது. அன்று, குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு ஆளானோரில் நூற்றுக்கு நால்வரே பிழைத்தனர். வேதனையை இயன்றவரை தணித்து அனுப்புவதே மருத்துவர் பலரின் வழக்கம். முதல் இயக்குநர் டாக்டர் டொனால்ட் பிங்கல் அதற்கு உடன்படவில்லை. முற்றிலும் குணமாக்குவதே குறி என்றார். பல மருந்துகளை ஒருசேர அளித்தார். மருந்து எட்டாமல் மூளையின் உறைகளில் நோயணுக்கள் ஒளிந்திருப்பது கண்டு, அங்கும் சிகிச்சை செலுத்தினார். முயற்சிகள் பல தோற்றன. பிஞ்சு உயிர்கள் பல போயின. எனினும் 1960களின் இறுதியில் தொடங்கிய சிகிச்சை முறையால் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். இந்நாளில் அங்கு அந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். கண்டறிந்த முறைகளை மறைத்து வைக்காமல் உலகத்து மருத்துவர் யாவர்க்கும் அறிவித்ததனால், மெம்பிஸ் நகரையே காணாத குழந்தைகளுக்கும் அப்பலன் சென்று சேர்ந்தது.

தாமஸ் 1991 பிப்ரவரி 6ஆம் நாள் காலமானார்; அம்மருத்துவசாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் மறைவுக்குப் பின்னும் நித்திய கைங்கரியம் தடைப்படவில்லை. சிகிச்சைக்கோ பயணத்துக்கோ தங்குமிடத்துக்கோ உணவுக்கோ எந்தக் குடும்பத்துக்கும் இன்றளவும் அங்கே கட்டணச் சீட்டு அனுப்பப்படுவதில்லை. செலவின் பெரும்பகுதி, முகமறியாத எளியோர் மாதந்தோறும் அனுப்பும் சிறு தொகைகள் உள்ளிட்ட பொதுமக்கள் நன்கொடையாலேயே நடைபெறுகிறது.