ஸார் பிரதேசம் சொன்ன பதில்



இரண்டு பெரிய ராஜ்யங்களின் எல்லையிலே, இரண்டும் தமதென்று உரிமை பாராட்டும் ஒரு சிறு பிரதேசம் அகப்பட்டுக்கொண்டால், அது இவருக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம், தனி நாடாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்ற யோசனை, வழக்கைத் தீர்க்க வந்த மத்தியஸ்தர்களுக்கு எளிதில் தோன்றிவிடுகிறது. பங்காளிகள் இருவர் சண்டையிடும் கிணற்றைப் பொதுவில் விட்டுவிடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைப் போன்றது இது. ஆனால் கிணற்றுக்கு வாய் இல்லை. பிரதேசத்திலே மனிதர்கள் வாழ்கிறார்கள். பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் உள்ள ஸார் பிரதேசத்தின் ஜனங்கள், இருபது ஆண்டு இடைவெளியில் இருமுறை தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல நேர்ந்தது. அந்தச் சரித்திரத்தை இன்று சற்றே பார்ப்போம்.

ஸார் பிரதேசத்து ஜனங்கள் பேசுவது ஜெர்மன் பாஷை. அவர்கள் காலடியில் புதைந்து கிடந்ததோ நிலக்கரி. பக்கத்து லொரேன் மாகாணத்தின் இரும்புத் தாதுவை உருக்க அந்தக் கரி பிரான்ஸுக்கு அவசியமாக இருந்தது. ஆகவே முதல் உலக யுத்தம் முடிந்து வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, சுரங்கங்கள் பிரான்ஸுக்கும், நிர்வாகம் பதினைந்து ஆண்டுகளுக்கு சர்வதேச சங்கத்துக்கும் ஒப்படைக்கப்பட்டன. தவணை முடிந்து, 1935 ஜனவரி 13ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்த சமயத்தில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் பலரை ஸார் ஜனங்கள் தங்கள் கண்ணெதிரே பார்த்திருந்தார்கள். அப்படியிருந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஜெர்மனியையே வேண்டினார்கள். சங்கத்தின் நிர்வாகமே நீடிக்கட்டும் என்றவர்கள் ஒன்பது சதவிகிதம். பிரான்ஸை வேண்டியவர்களோ அரை சதவிகிதம்கூட இல்லை. ஹிட்லரோடு சேராதீர்கள் என்று எழுதியும் பேசியும் வந்த யோஹன்னஸ் ஹோஃப்மன் என்ற கத்தோலிக்கப் பத்திரிகாசிரியர், நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் பிரேசில் வரை சென்று அடைக்கலம் புக வேண்டியதாயிற்று.

இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மனி வீழ்ந்த பிறகு அவர் தாயகம் திரும்பினார்; பிரான்ஸின் ஆதரவோடு 1947இல் ஸார் தனி அரசியல் சட்டம் பெற்றபோது அவரே முதல் மந்திரியானார். தனிக் கொடி, தனித் தபால் தலை, 1948இல் ஒரு சர்வகலாசாலை, 1952 ஹெல்ஸின்கி ஒலிம்பிக்கில் தனி அணி என்று, ஒரு நாட்டுக்குரிய சின்னங்கள் யாவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1954ஆம் ஆண்டு உலகக் கால்பந்துக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் ஸார் அணி மேற்கு ஜெர்மனியையே எதிர்த்து விளையாடியது. ஆனால் செலாவணியாக வழங்கியது பிரெஞ்சு பிராங்க். வெளிநாட்டு விவகாரமும் பாதுகாப்பும் பிரான்ஸின் கையில் இருந்தன. ஜெர்மனியோடு சேர வேண்டும் என்று சொல்லும் கட்சிகளுக்கோ இடமே அளிக்கப்படவில்லை. 1952 தேர்தலில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் செல்லாத சீட்டையே பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். வாய் திறக்க வழியில்லாதவர்களின் ஆட்சேபம் அந்த ரூபத்தில் வெளிப்பட்டது.

1954 அக்டோபரில் பிரெஞ்சுப் பிரதமர் மெண்டெஸ் பிரான்ஸும் ஜெர்மன் பிரதமர் அடினாவரும் கூடி, ஸாரை மேற்கு ஐரோப்பியக் கூட்டணியின் கமிஷனர் ஒருவரின் பொறுப்பில், ஐரோப்பாவுக்கே பொதுவான பிரதேசமாக்குவது என்றும், அதற்கு ஜனங்களின் சம்மதத்தைக் கேட்பது என்றும் உடன்பட்டார்கள். முழு சுதந்திரம் என்று இதைச் சொல்ல முடியாவிட்டாலும், இரண்டு ராஜ்யங்களுக்கும் அப்பாற்பட்ட தனி அந்தஸ்து என்று சொல்லலாம். வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பாக எல்லாக் கட்சிகளுக்கும் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த பேச்சு வெள்ளமாகப் பெருகிற்று. சரீரம் பருத்த ஹோஃப்மனைக் குறித்து, அந்தத் தடியர் தொலையட்டும் என்ற கோஷம் ஊரெங்கும் ஒலித்தது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அடினாவரே கேட்டுக்கொண்டும், 1955 அக்டோபர் 23ஆம் தேதி 67.7 சதவிகிதத்தினர் வேண்டாம் என்றார்கள். ஹோஃப்மன் பதவி விலகினார்.

இதற்குப் பிறகு நடந்ததையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். திட்டத்தை மட்டும் நிராகரித்த அந்த வாக்கை, ஜெர்மனியோடு சேரும் விருப்பம் என்றே கொண்டு, பிரான்ஸ் அதற்கு இணங்கியது. 1956 அக்டோபரில் லக்ஸம்பர்க்கில் எழுதிய உடன்படிக்கையின்படி, 1957 ஜனவரி முதல் தேதி ஸார் ஜெர்மனியின் ஒரு மாநிலமாயிற்று. செலாவணி மாற்றமோ 1959 ஜூலை வரையில் நிதானமாக நடந்தது. வார்ண்ட் வட்டாரத்துக் கரியை வெட்டியெடுக்கும் உரிமையும், மோஸெல் நதியைப் பெரிய படகுகள் செல்லத்தக்கதாக்கும் ஏற்பாடும் பிரான்ஸுக்குக் கிடைத்தன. கரிக்காகவே தொடங்கிய வழக்கில், கரிக்கு ஒரு கணக்கும், ஜனங்களின் விருப்பத்துக்கு வேறொரு கணக்கும் என்று பிரித்தவுடன், முப்பத்தைந்து ஆண்டுப் பிணக்கு ஓராண்டில் தீர்ந்துவிட்டது.

பாஷை ஒன்றானால் தேசமும் ஒன்றாகத்தான் வேண்டும் என்று இதிலிருந்து நான் நிரூபிக்க வரவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் தனி அந்தஸ்தை விரும்பினார்கள் என்பதை மறக்கலாகாது. ஹோஃப்மன் கண்ட ஐரோப்பியக் கனவும் இழிவானதன்று. கொடுங்கோலனை எதிர்த்துத் தேசத்தையே துறந்த அந்த மனிதர், தம் ஆட்சியில் மாற்றாரின் வாயை அடைத்ததால், தம் திட்டத்தின் பேரில் ஜனங்களுக்கு உண்டாகியிருக்கக்கூடிய நம்பிக்கையைத் தாமே குலைத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, எல்லைப் பிரதேசம் ஒன்றுக்கு சுதந்திரம் தரலாமா என்று எவரேனும் கேட்டால், நான் மூன்று விஷயங்களை விசாரிப்பேன். அங்கே எதிர்க்கட்சிக்காரன் அச்சமின்றிப் பேச முடிகிறதா? அயல் ராஜ்யங்கள், விடை தங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அதற்குக் கட்டுப்படுவதாக வாக்களித்திருக்கின்றனவா? சுரங்கம், நதி, துறைமுகம் முதலியவற்றின் லாபநஷ்டங்களுக்குத் தனியே ஒப்பந்தம் உண்டா? இம்மூன்றும் இருக்குமாயின், சுதந்திரம் வேண்டும் என்று ஜனங்கள் சொன்னால் அதை மறுக்க எந்த ராஜ்யத்துக்கும் நியாயமில்லை. வேண்டாம் என்று சொன்னால் அதை அவர்கள் தலையில் கட்டவும் நியாயமில்லை.