வளைகோலும் விழுத்தண்டும்

புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. முதுமையில் அவர் ஊன்றி நடந்த கோலே அவருக்குப் பெயராக அமைந்து, தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகிறார். மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், துறையில் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையிலிருப்போர் வியக்கக் குதித்து, மடுவின் அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவருடைய இளமை. கோலூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசுவது அவருடைய முதுமை. சங்க இலக்கியத்தில் காதலுக்கும் வீரத்திற்கும் பாடல்கள் மிகுதி. ஆடிய ஆட்டத்தை எண்ணி ஏங்கும் பாடல் அரிது. அவ்வகையில் இது தனித்து நிற்பது.

இந்தக் கிழவரின் வழிவந்தோர் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் இன்றும் உளர். தேநீர்க் கடையின் பலகையிலோ, கோவில் மண்டபத்தின் நிழலிலோ அமர்ந்து, “அந்தக் காலத்து ஆக்கி மாதிரி வருமா?” என்று தொடங்குவோர் அவர்கள். பாடநூல் இவ்விளையாட்டை வளைகோற்பந்து என்கிறது. அழகிய சொல்தான், ஆயினும் ஆடுகளத்தில் எவரும் அதனைச் சொல்வதில்லை. ‘ஆக்கி’ என்றே எழுதினால், சோறாக்கி, குழம்பாக்கி என்னும் வினையெச்சம் போலத் தோன்றும் இடர்ப்பாடு உண்டு. ஆட்டத்தை நேசித்தவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

மழையை நம்பிய புன்செய் நிலத்தில் இந்த ஆட்டம் வேர் பிடித்தது எவ்வாறு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது வழக்கு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாகவே கிடக்கும். கண்மாய்கள் மாசி, பங்குனியில் வற்றிவிடும். வற்றிய கண்மாயில் வெடிப்பு விழாத மேட்டுப்பகுதியே சிறுவர்களின் ஆடுகளம். வேலிக்கருவையில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டினால் கோல்; துணியைச் சுருட்டிக் கயிறு சுற்றினால் பந்து. வெடிப்புக்குள் பந்து விழுந்தால் ஆட்டம் நிற்கும். கோலால் கெல்லி எடுத்ததும் மீண்டும் தொடங்கும். நீர் இல்லாமையே அந்த ஆடுகளத்தைத் தந்தது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், பின்னர் நிகழ்ந்தவை தெளிவாகும்.

முறையான ஆட்டம் பார்க்க விரும்பியோர் பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குச் சென்றனர். கரிசல் இலக்கியத்தின் தலைமகனாகிய கி. ராஜநாராயணனின் இடைசெவலுக்கு அண்மையிலுள்ள அந்நகர், ‘ஆக்கிப்பட்டி’ என்றும் அழைக்கப்பட்டது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிகள் அங்கே நடைபெற்றன. இரயில்வே, இராணுவம், வங்கி அணிகள் அங்கு வந்து ஆடின. அந்த அணிகளின் பெயர்களிலேயே ஒரு செய்தி அடங்கியிருந்தது. கோல் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இரயில்வேயில் வேலை கிடைக்கும், காவல்துறையில் கிடைக்கும், வங்கியில் கிடைக்கும். வானம் பொய்த்தால் ஆண்டே பொய்த்துப்போகும் நிலத்தில், மாதச் சம்பளம் என்பது சிறிய கனவன்று. பழைய ஆட்டத்தைப் பற்றிய ஏக்கத்தினுள் இந்தக் கனவும் கலந்தே இருக்கிறது.

எனினும் இந்திய அணியைப் பொறுத்தவரை, பெரும்பாலோரின் நினைவு கண்ணால் கண்டதன்று, காதால் கேட்டது. 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கங்கள். 1948-இல் இலண்டனில், விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள், பிரிட்டனை அதன் மண்ணிலேயே 4–0 என வென்ற இறுதியாட்டம். இவை தந்தையர் சொல்லி மக்கள் கேட்டவை. 1964 டோக்கியோவும் 1975 கோலாலம்பூரும் வானொலி தந்தவை. 1975 மார்ச் 15 அன்று உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்றது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்ட் 15 அன்றுதான். தென்மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சி வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இறுதியாட்டத்தை இந்தியில் வருணித்தவர் ஜஸ்தேவ் சிங். நெசவுத் தெருக்களில் வானொலியைச் சூழ்ந்திருந்தவர்களுள் எத்தனை பேருக்கு இந்தி தெரிந்திருக்கும்? பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் அந்த மொழியை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்திருந்தது. ஆயினும் அன்று தறிகள் நின்றன. தறியோசை நின்றால்தான் வானொலி கேட்கும். புரியாத சொற்களின் வெள்ளத்தில் பெயர்கள் மட்டும் கற்களைப்போல் தலைநீட்டின: அஜித்பால், கோவிந்தா, அசோக்குமார், பிலிப்ஸ். கடைசிப் பெயருக்குரியவர் சென்னைக்காரர். 1964-இல் தங்கம் வென்ற அணியில் ஆடிய விக்டர் ஜான் பீட்டரின் தம்பி. சில வீடுகளில் பெட்டியின் பெயரும் பிலிப்ஸ், பெட்டிக்குள் ஓடுபவர் பெயரும் பிலிப்ஸ் என்று வேடிக்கையாகச் சொல்லத்தக்க நிலை. குரல் உயர்ந்தால் பந்து எதிரியின் வட்டத்தை நெருங்குகிறது. தாழ்ந்தால் பந்து பறிபோயிற்று. பொருள் அறியாமல், ஓசையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஆட்டத்தை அவர்கள் அறிந்தனர். சொல்லுக்கு முன்னே ஓசை சென்று பொருளுணர்த்தும் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அசோக்குமார் அடித்த பந்து கோல்மூலையில் பட்டுத் திரும்ப, அது கோல்தானா என்று பாகிஸ்தான் அணியினர் வாதிட்டதும், நடுவர் தம் முடிவில் உறுதியாக நின்றதும் பின்னர் அறியப்பட்ட விவரங்கள். அந்தக் கணத்தில் கேட்டவர்களுக்குத் தெரிந்தது குரலின் வெடிப்பு மட்டுமே. தாமே புனைந்துகொண்ட ஆடுகளத்தில், தாமே புனைந்துகொண்ட வீரர்கள் ஆடினர். அத்தகைய ஆட்டத்தில் எவரும் களைப்படைவதில்லை. எந்தத் தடுப்பும் அழகற்றதாவதில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் உண்மையான ஆட்டம் வந்தபோது அது சிறுத்துத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆகவே முதியோரின் குற்றச்சாட்டை அப்படியே ஏற்பது இயலாது. “செயற்கைப் புல்லைக் கொண்டுவந்து நம்மை வீழ்த்திவிட்டார்கள்” என்பது அவர்களின் தீர்ப்பு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடந்ததும், இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியதும் உண்மை. மண்ணில் பந்து துள்ளும், விலகும். அதனைக் கோலால் அடக்கி, வளைத்து, ஏமாற்றிச் செல்வதே இந்தியரின் கலையாக இருந்தது. செயற்கைத் தரையில் பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும். அங்கே வலிய அடிக்கும் ஓயாத ஓட்டத்திற்கும் மதிப்பு மிகுந்தது. ஆயினும் 1960-இல் ரோம் நகரில் பாகிஸ்தானிடம் தங்கத்தை இழந்தது புல்தரையில்தான். 1968-இலும் 1972-இலும் வெண்கலத்தோடு திரும்பியதும் புல்தரையிலிருந்துதான். மாறாக, 1980-இல் தமிழரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வென்றது செயற்கைத் தரையில். அவ்வாண்டு வலிய நாடுகள் பல பங்கேற்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. வீழ்ச்சி தரைக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதியோர் பலர் தம் முதுமையை ஆட்டத்தின்மேல் ஏற்றிப் பேசுகின்றனர் என்று சொன்னால் அவர்களுக்குச் சினம் வரும். ஆனால் அதில் பாதி உண்மை உண்டு.

மற்றப் பாதியில்தான் அவர்களின் நியாயம் இருக்கிறது. தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடலில் மடு வற்றவில்லை, மருதமரம் விழவில்லை. மாறியவர் அவர் ஒருவரே. வேறொரு சிறுவன் அதே கிளையிலேறிக் குதிக்கலாம். புன்செய் நாட்டு முதியவருக்கு அந்த ஆறுதல் இல்லை. பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய செயற்கைத் தரையை ஆட்டத்திற்கு முன் நீரால் நனைத்தாக வேண்டும். காய்ந்த தரையில் பந்தின் ஓட்டம் தடைப்படும். விழுந்தவரின் தோல் உரியும். ஓர் ஆட்டத்திற்கு ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் அதற்குச் செல்கிறது. நீரின்மையால் பிறந்த ஆடுகளத்தில் ஆடியவனின் பேரன், நீரைக் குடிக்கும் ஆடுகளத்தைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. குடத்தோடு குழாயடியில் காத்திருக்கும் ஊர்களில் அத்தகைய தரையை எவர் அமைப்பார்? கருவைக் கிளையும் துணிப்பந்தும் கொண்டு எவனும் நுழையக்கூடிய வாசல் ஒன்று அடைபட்டது. முதியோர் ‘அந்தக் காலம்’ என்னும்போது, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, இந்த வாசலையே குறிக்கின்றனர். இவ்வேக்கத்தை வெறும் பழம்பெருமை எனத் தள்ளுவது பிழை.

வாசல் முற்றிலும் அடைபட்டுவிட்டது என்பதும் சரியன்று. கோவில்பட்டியிலும் செயற்கைத் தரை வந்தது. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். ஒலிம்பிக்கில் 1980-க்குப் பின் நாற்பத்தோர் ஆண்டுகள் காத்திருந்து, 2021-இல் டோக்கியோவிலும், மீண்டும் 2024-இல் பாரிசிலும் இந்தியா வெண்கலம் பெற்றது. 2025-இன் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. ஒரு காலத்தில் கோலாலம்பூரைக் காதால் மட்டும் கண்ட அருப்புக்கோட்டைக்கு, மதுரை ஒரு பேருந்துப் பயணத் தொலைவே. உலக ஆக்கி அமைப்பும் இப்போது நீர் வேண்டாத தரையை நாடி முயன்று வருகிறது. காய்ந்த தரையில் ஆடுவது எப்படி என்று திருச்சுழிக் கண்மாயில் எவரையேனும் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பர்.

ஆட்டத்திற்கு முன் குழாய்கள் திறந்து, வெயிலில் நீர் விசிறியாய் எழுந்து தரை முழுதும் நனையும் அந்தச் சில நிமிடங்களில், பார்வையாளர் வரிசையில் அமர்ந்த புன்செய் நாட்டுக் கிழவர் ஒருவரின் முகம் எவ்வாறிருக்கும்? கையில் கோல் இருக்கும்; ஊன்றுகோல். அவரைப் பற்றிய பாடல் ஒன்று இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரிலேனும் இடம்பெறட்டும்.