நம் தெருவை யார் படம் எடுப்பது?

(லிட்டில் இந்தியாவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்திரிகை ஆசிரியர்களின் கண்ணில் படுவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். பயணப் படங்களும் ஆவணப் படங்களும் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். "இது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் வாசலில் நின்று பாருங்கள். அங்கிருந்து டாங் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடிக்கு இரு பக்கமும் கேமராக்கள். அலகு குத்திய நாக்கு, வேல் குத்திய முதுகு, கண்ணீர் விடும் குழந்தை. ஒவ்வோர் ஆண்டும் இதே படங்கள்தான் உலகெங்கும் உள்ள ஆசிரியர்களின் மேசைக்குப் போகின்றன. நீங்களும் அதையே எடுத்து அனுப்பினால், ஆசிரியர் அதை ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

காவடி எடுப்பவர் உங்கள் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விரதம் தொடங்கிய நாள் முதல் வீட்டுச் சமையலறையில் என்ன மாறுகிறது? சித்தி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? தைப்பூசம் 1968 முதல் இங்கே பொது விடுமுறை இல்லை. அப்படியானால் மறுநாள் காலை முதுகுக் காயத்தோடு அவர் எப்படி வேலைக்குப் போகிறார்? இந்தப் படங்களை வெளியிலிருந்து வரும் எந்தப் பெரிய புகைப்படக்காரராலும் எடுக்க முடியாது. வீட்டுக் கதவு அவருக்குத் திறக்காது, உங்களுக்குத் திறக்கும். ஆசிரியர்கள் தேடுவது அந்தத் திறந்த கதவைத்தான். விலை உயர்ந்த லென்ஸ் அதற்குப் பிறகு.

இன்னொன்று, காலம். பக்கத்திலேயே இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது. கடைசி நாட்களில் அங்கே கேமராக்கள் குவிந்தன. எல்லாருக்கும் ஒரே பிரியாவிடைப் படம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வாரம் ஒரு முறை அங்கே போய் வந்த ஒருவர் இருந்திருந்தால், அவர் கையில் இருப்பது ஒரு வரலாறு. ஆகவே எது மூடப்படும் என்ற அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். தேக்காவில் பூக்கட்டும் கடை, உங்கள் புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், அப்பாவின் இரவு வேலை, இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் தொடருங்கள்.

இப்படிச் செய்து வெளிச்சத்துக்கு வந்தவர்கள் உண்டா என்றால், உண்டு. ஹாங்காங்கில் பணிப்பெண்ணாக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வேலை செய்தவர் பிலிப்பீன்சைச் சேர்ந்த சைசா குருஸ் பகானி. முதலாளியம்மாவிடம் கடன் வாங்கி முதல் கேமராவை வாங்கினார். ஓய்வு நேரத்தில் தெருவில் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதை ரிக் ரொகமோரா என்ற மூத்த புகைப்படக்காரர் பார்த்தார். அவர் மூலமாக 2014-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 'லென்ஸ்' பக்கத்தில் அவர் படங்கள் வெளிவந்தன. 2015-இல் மேக்னம் அறக்கட்டளையின் மனித உரிமை உதவித்தொகை கிடைத்தது. அதன் பிறகு அவர் எடுத்ததும் பெரும்பாலும் தம்மைப் போன்ற புலம்பெயர்ந்த தொழிலாளர்களைத்தான். அந்த 'லென்ஸ்' பக்கம் 2019-இல் நின்றுவிட்டது. ஆனால் அவர் போன வழி அடைபடவில்லை. ஆசிரியர் நேராக உங்களைக் கண்டுபிடிப்பது அபூர்வம். ஆசிரியர் மதிக்கும் ஒரு மூத்தவர் உங்கள் படத்தைப் பார்ப்பதுதான் முதல் படி.

நம் இனத்திலேயே ஒருவர், மதுரைப் பக்கத்து ஜவஹர்லால்புரத்தில் பிறந்த எம். பழனிகுமார். அம்மா கரிமேடு சந்தையில் மீன் வாங்கி விற்றவர். பழனிகுமார் படித்தது பொறியியல். 2013-இல் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் இராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவருடைய படங்கள் வந்தன. 2022-இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதல்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான். தம் அம்மாவின் உழைப்பையும் படமாக எடுத்து எழுதியிருக்கிறார். பாரியில் தமிழிலும் படிக்கலாம், காசு கிடையாது. பெற்றோர்கள் கட்டாயம் பாருங்கள். மீன்கூடையும் சந்தையும் எப்படி ஓர் ஆசிரியரின் மேசையை எட்டின என்பது புரியும்.

சரி, எப்படி அனுப்புவது? ஐந்நூறு படம் அனுப்பாதீர்கள். பத்து, பன்னிரண்டு போதும். முதல் படம் எந்த இடம் என்று காட்ட வேண்டும். அப்புறம் ஒரு முகம், ஒரு கை, ஒரு பொருள், நடக்கிற ஒரு வேலை என்று மாறி மாறி வரட்டும். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்கி எறியுங்கள். மனம் வலிக்கும், பரவாயில்லை. மின்னஞ்சலில் நான்கே வரி: நீங்கள் யார், யாருடைய கதை, எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள், அதை ஏன் இப்போது வெளியிட வேண்டும். படங்களைச் சிறிய அளவில் வையுங்கள், பெரியவற்றுக்கு இணைப்பு கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். மூன்றாம் முறை வேண்டாம், வேறு இடம் பாருங்கள். அனுப்புவதற்கு முன் அந்த இதழை ஆறு மாதமாவது படித்திருக்க வேண்டும். கோயில் படமே போடாத இதழுக்குக் கோயில் படம் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

படக் குறிப்பை யாரும் மதிப்பதில்லை. ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். யார், எங்கே, என்று, என்ன செய்கிறார் என்பது ஒவ்வொரு படத்துக்கும் தேவை. இதில் நமக்கு ஒரு பலம் இருக்கிறது, அந்த மனிதரோடு நாம் தமிழில் பேசலாம். 'ஓர் இந்தியத் தொழிலாளி' என்று மற்றவர் எழுதும் இடத்தில், அவர் அறந்தாங்கிக்காரர், தங்கையின் கல்யாணக் கடனுக்காக வந்தவர் என்று நீங்கள் எழுதலாம்.

படத்தில் கைவைக்காதீர்கள். ஸ்டீவ் மெக்கரி எவ்வளவு பெரிய பெயர்! இந்தியாவை எடுத்தே புகழ் பெற்றவர். 2016-இல் அவருடைய சில படங்களில் ஆட்களும் பொருள்களும் அழிக்கப்பட்டிருந்தது தெரிந்து பெரும் சர்ச்சை ஆனது. அவருக்கு அதைத் தாங்கும் பெயர் இருந்தது. புதியவர்களுக்கு இருக்காது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பையே கேட்கிறார்கள். ஆகவே அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி நம் இயக்கத்துக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதி, தமிழ்நாட்டிலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. உலகம் பார்த்தது எரியும் ஆம்புலன்ஸை. இறந்தவர் எந்த அறையில் தூங்கினார், ஞாயிற்றுக்கிழமை யாரோடு சாப்பிட்டார் என்பதற்கு எத்தனை படம் இருக்கிறது? 2020-இல் கொவிட் வந்து தங்கும் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, உள்ளே இருந்த நிலைமை தொழிலாளர்களின் கைத்தொலைபேசிப் படங்கள் மூலமாகத்தான் பெருமளவு வெளியே வந்தது. அந்தப் படங்களை எடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை.

பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு, பயம். ஒரு படம் ஒருவருடைய வேலை அனுமதிக்கே உலை வைக்கலாம். அதனால் முகம் தெரிய எடுக்கும் முன் கேளுங்கள். எங்கே வெளியாகலாம் என்று சொல்லுங்கள். மறுநாள் அவர் "வேண்டாம் தம்பி" என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும். விடுதி தனியார் இடம், அனுமதியில்லாமல் உள்ளே எடுக்க வேண்டாம். இலவச உணவுக்கு வரிசையில் நிற்பவரின் முகத்தை எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. முதுகுப் பக்கமும் கதை சொல்லும். சம்மதம் வாங்கினீர்களா என்று நல்ல ஆசிரியர் உங்களிடம் கேட்பார். கேட்காத ஆசிரியரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் அனுமதி ஒரே முதலாளிக்கு, ஒரே வேலைக்கு. படம் எடுத்துப் பணம் வாங்குவது அதற்கு வெளியே போய்விடலாம். காசு கைமாறும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்கிறது. நேராகவே சொல்கிறேன், ஆவணப் படம் மட்டும் எடுத்து இந்த ஊரில் வாடகை கட்டுவது மிகக் கடினம். கல்யாணம், கம்பெனி நிகழ்ச்சி என்று எடுத்துத்தான் பலர் இந்த வேலையைக் காப்பாற்றுகிறார்கள். பகானி உதவித்தொகை வரும்வரை வீட்டு வேலையை விடவில்லை. பிள்ளை படிப்பை விடுகிறேன் என்றால் தடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறேன் என்றால் விடுங்கள். கேமரா புதிதாக வேண்டாம், பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழையது கிடைக்கும்.

உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் முதல் உரிமையாளர் புகைப்படக்காரரே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்தால் மட்டும் முதலாளிக்குப் போகும். உங்கள் படத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் உங்கள் பெயரைப் போட வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். "பெயர் போடுகிறோம், பணம் இல்லை" என்று வசதியான நிறுவனம் கேட்டால், சட்டப்படி தர வேண்டியதையே பெரிய உபகாரமாகக் காட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ள எங்கே போவது? தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான், மிடில் ரோடு 155-ஆம் எண்ணில் 'ஆப்ஜெக்டிஃப்ஸ்' நிலையம். 2003 முதல் இயங்குகிறது. கண்காட்சி பார்க்கப் பணம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பெரிய புகைப்பட நூல்களை உட்கார்ந்து பார்க்கலாம். கம்போடியாவின் சியம் ரீப்பில் 2005-இல் தொடங்கிய அங்கோர் புகைப்பட விழாவினர் ஆசிய இளைஞர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறார்கள். விண்ணப்பம் எப்போது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பயணச் செலவு மட்டும் நம்முடையது.

படங்களை அச்சுப் போட்டுக் கொண்டுவந்தவர்கள் இந்த நீள மேசையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டுதான். தேநீர் வருவதற்குள் முதல் மூன்று பேருடையதைப் பார்த்துவிடலாம். பெற்றோர்களும் எழுந்து வாருங்கள்.