புத்தகப் பை இல்லாத ஒரு வாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பட்டம் பெற்றவர்கள் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய என்னைக் கல்வியைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை நிறுத்து ரசீது எழுதுவது என் வேலை. ஆகையால் நானறிந்த எடைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பிற் படிக்கும் என் மகனின் புத்தகப் பையை ஒரு நாள் மாலை நிறுத்துப் பார்த்தேன். ஆறரை கிலோ இருந்தது. பையனின் எடை 34 கிலோ. மத்திய அரசு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையின்படி, பையின் எடை பிள்ளையின் எடையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. அதாவது அவன் சுமக்கத் தக்கது 3 கிலோ 400 கிராம். மீதி 3 கிலோ 100 கிராமும் அதிகச் சுமை. பார்சலாக இருந்திருந்தால் அபராதம் எழுதியிருப்பேன். பிள்ளையாயிற்றே, எழுதவில்லை.

இச்சுமையைப் பற்றி 1989-ல் ராஜ்ய சபையில் மனம் நொந்து பேசியவர், சென்னையிற் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் அவர்கள். அதன் பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1993-ல் சுமையற்ற கல்வி வேண்டுமென்று அறிக்கை தந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப் பை இன்றிச் சென்று, உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் கைவேலை பழக வேண்டுமென்று கூறுகிறது.

அப்பத்து நாட்களில் ஆறு நாட்களைச் சென்ற ஆனி மாதத்தில் ஒரே வாரமாக நடத்தப்போவதாக என் மகனின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை குயவர் வீடு, செவ்வாய் நாற்றுப் பண்ணை, புதன் அஞ்சலகம், வியாழன் சார்மினார் அருகே லாட் பஜாரில் வளையல் பட்டறை, வெள்ளி மின் வேலை, சனிக்கிழமை பெற்றோர் முன்னிலையிற் கண்காட்சி. பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

எனக்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, ஆறு நாட் பாடம் கெடுமே என்ற குமாஸ்தாக் கவலை. மற்றொன்று என் தந்தையார். சுற்றறிக்கையைப் படித்துக் காட்டியதும், "குயவர் வீடா?" என்று ஒரே சொல்லிற் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்பர்களே, இதன் காரணத்தைச் சொல்வதில் எனக்கு இன்று கூச்சமில்லை. வட ஆர்க்காட்டில் எங்கள் குடும்பம் பானை வனைந்த குடும்பம். 1953-ல் சென்னை ராஜ்யத்தின் கிராமப் பள்ளிகளில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றொரு திட்டத்தை ராஜாஜி அவர்களின் அரசு கொண்டு வந்தது. 'குலக் கல்வித் திட்டம்' என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகிக் காமராஜர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வோராண்டில் என் தந்தையார் இரண்டாம் வகுப்பு. பள்ளியை விட்டு வந்து மண் மிதித்த பிற்பகல்களை அவர் மறக்கவில்லை. 1966-ல் தென் மத்திய ரயில்வே தோன்றிய வேளையிற் செகந்திராபாத்துக்கு வந்து கலாசியாகச் சேர்ந்தவர், அதன் பின் ஒரு நாளும் களிமண்ணைத் தொட்டதில்லை. எங்களைத் தொட விட்டதுமில்லை.

ஆயினும் கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை வேறு நோக்கோடு வகுத்தவர்களும் உண்டு. 1937-ல் வார்தாவிற் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் முடிவுப்படி ஆதாரக் கல்வித் திட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஜாகீர் உசேன். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய அவர் பிறந்தது நம் ஹைதராபாத்திலேதான். எல்லாப் பிள்ளைகளும் ஒரு தொழில் வாயிலாகக் கற்க வேண்டுமென்பது அத்திட்டம். இவை இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். என் வீட்டில் அவ்விரண்டையும் வேறுபிரித்தறிந்தவர் என் தந்தையார்தாம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் பேரனை அழைத்து, "உன்னை மட்டுந்தான் குயவர் வீட்டுக்கு அனுப்புகிறார்களா? ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்களா?" என்று கேட்டார். "எல்லோரும் வருகிறார்கள் தாத்தா; டாக்டர் மகளும் வருகிறாள்" என்றான் பையன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் போகட்டும்" என்றார். நான் கையொப்பமிட்டேன்.

திங்கட்கிழமை மாலை, ஒரு பக்கம் சாய்ந்த சிறு பானையைத் துணியிற் பொதிந்து கொண்டு வந்தான். போனாலுத் திருவிழா நெருங்கும் காலம். பெண்கள் அம்மனுக்குச் சோறு எடுத்துச் செல்லும் பானைகளை அக்குயவர் நூற்றுக்கணக்கில் வனைந்து உலர்த்தியிருந்தாராம். என் தந்தையார் அப்பானையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, விரலாற் சுண்டி, "மண் சரியாக மிதிபடவில்லை. உள்ளே காற்று நிற்கிறது. சூளையில் வைத்தால் வெடிக்கும்" என்றார். என் மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாத பேச்சு அது. அன்றிரவு திரிகை சுழலும் விதத்தையும், பானையை நிழலிலே உலர்த்த வேண்டிய காரணத்தையும், சூளை அடுக்கும் முறையையும் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் அவை புதிய செய்திகள்.

புதன்கிழமை அஞ்சலகத்தில் ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்றை வாங்கி, வேலூரிலிருக்கும் அத்தைக்குத் தமிழில் மூன்று வரி எழுதினான். நான்கு பிழைகள். ஆயினும் அவன் எழுதிய முதல் தமிழ்க் கடிதம் அது. வியாழனன்று அரக்கை உருக்கி வளையலாக்கிக் கல் பதிக்கும் வேலையைப் பார்த்து வந்தான். வெள்ளிக்கிழமை, மின் செருகியின் மூன்று முனைகளில் ஒன்று மட்டும் நீண்டிருப்பது ஏன் என்று என்னைக் கேட்டான். விழித்தேன். நில இணைப்பு முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவாம், அவனே சொன்னான்.

சனிக்கிழமைக் கண்காட்சிக்கு என் தந்தையாரும் வந்தார். அங்கே அக்குயவரைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மகள் தெலுங்கு வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "அவள் திரிகையில் உட்கார வேண்டாம், இன்ஜினியராக வேண்டும்" என்றார் அவர். என் தந்தையார் அவர் தோளைத் தொட்டு, "அதுவே சரி" என்றார். பேரன் பக்கம் திரும்பி, "நீ கற்றுக்கொள். ஆனால் இதுதான் உன் வேலை என்று எவன் சொன்னாலும் கேளாதே" என்றார்.

பெரியோர்களே, கைத்தொழில் இழிவானதன்று, கட்டாயமே இழிவானது. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் மண் படுமானால் அது கல்வி. சில பிள்ளைகளின் கையில் மட்டும் படுமானால் அது விலங்கு. ஒரு வாரத்தில் நான் கற்ற பாடம் இதுவே. அவ்வாரத்துக்குப் பின் வந்த கணக்குத் தேர்வில் என் மகனுக்கு மதிப்பெண் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்பதையும், கவலையுறும் பெற்றோர்க்காகச் சொல்லி வைக்கிறேன்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதத்தில் ஒரு நாளைப் புத்தகமில்லா நாளாக்குவோம். நம் காலனியில் தையற் கலை அறிந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். தறி நெய்தவர்களும் ஏர் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தம் தொழிலைத் தமிழிலே நம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவரவர் வீட்டுத் தொழிலை அவரவர் பிள்ளைக்கு மட்டுமன்று, எல்லார் தொழிலையும் எல்லாப் பிள்ளைகளுக்கும். தமிழ் எழுத்தை நம் பிள்ளைகள் பாடநூலில் கற்கலாம். 'திரிகை', 'சூளை' என்ற சொற்களை அவற்றைக் கையாண்டவர் வாயிலாகக் கேட்பதே நன்று. அச்சொற்களை அறிந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, காலம் தாழ்த்தலாகாது.

முதல் வகுப்பை நடத்த என் தந்தையார் இசைந்திருக்கிறார். களிமண் மட்டும் சங்கத்தின் செலவு.